வில்லால் வான்கோழி: எந்த அம்பு முனையைத் திருகுவது?

கரிசல்காட்டான் (ஆஸ்டின், டெக்சாஸ்)

வணக்கம் மக்களே. வில்லோடு மானுக்குப் போன பழக்கம் உண்டு. வான்கோழிக்கு இந்த வசந்தத்தில்தான் முதல்முறை. லானோ பக்கம் நண்பர் ஒருவரின் பண்ணை. ரியோ கிராண்டே வகை வான்கோழிக் கூட்டம் ஒன்று ஆற்றோரத்துப் பெக்கான் மரங்களில் அடைகிறது, விடிந்ததும் இறங்கிப் புல்வெளிக்கு வருகிறது. மறைவுக் கூடாரம் போட இடமும் பார்த்தாகிவிட்டது.

என் சாமான்: கப்பி வைத்த காம்பவுண்ட் வில், இழுக்க 55 பவுண்டு விசை, 28 அங்குல இழுவை. அம்பின் எடை முனையோடு சேர்த்து 400 கிரெயின் (சுமார் 26 கிராம்). கடையில் அளந்தபோது வினாடிக்கு 255 அடி காட்டியது.

குழப்பம் முனையில்தான். கடைக்காரர் கழுத்தை வெட்டும் கில்லட்டின் வகையை வாங்கச் சொல்கிறார். பண்ணைக்கார நண்பரோ பட்டதும் பிளேடு இரண்டு அங்குலம் விரியும் மெக்கானிக்கல்தான் சரி என்கிறார். என்னிடம் மானுக்கு வாங்கிய, பிளேடு அசையாத ஃபிக்ஸட் முனைகள் (மூன்று பிளேடு, 1 3/16 அங்குல வெட்டு) மிச்சம் கிடக்கின்றன. அதுவே போதுமா, இல்லை ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி வீட்டில் திட்டும் வாங்கவா?

மிசூரி மாமா (ஸ்பிரிங்ஃபீல்டு, மிசூரி)

எங்கே அடிக்கப் போகிறாய் என்று முதலில் சொல் தம்பி. உடம்பிலா, கழுத்திலா? அது தெரியாமல் முனையைப் பேசிப் பிரயோசனம் இல்லை.

மானில் பழகிய கண் இங்கே ஏமாறும். வான்கோழியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்து ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான் இருக்கும். அதுவும் நாம் நினைக்கிற இடத்தில் இருக்காது. வீட்டில் நாட்டுக்கோழி சுத்தம் செய்திருந்தால் ஞாபகப்படுத்திப் பார். நுரையீரல் முதுகெலும்பை ஒட்டி, விலா எலும்புகளுக்கு இடையே பதிந்து கிடக்கும், விரலால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். இங்கேயும் அப்படித்தான். முன்னால் புடைத்துக்கொண்டு நிற்பது பூராவும் நெஞ்சுக்கறி, அதற்கு மேல் இரைப்பை. அங்கே அம்பு பட்ட பறவை ஓடிப் பறந்து, உன் கைக்கு வராமல் எங்கோ போய்ச் சாகும், அல்லது சாகாமல் புண்ணோடு திரியும். இரண்டுமே நமக்கு அசிங்கம்.

பக்கவாட்டில் நின்றால் காலிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழு. சிறகு உடம்பில் சேரும் முட்டு இருக்கிறதே, அந்த உயரத்துக்கு வா. அங்கேதான் அடி. பின்பக்கம் காட்டி நின்றால் நடு முதுகெலும்பு. தோகை விரித்து முதுகைக் காட்டினால் தோகை தொடங்கும் அடிப்பகுதியின் நடுப்புள்ளி. நேருக்கு நேர் நின்றால் தாடி (நெஞ்சில் தொங்கும் மயிர்க்கற்றை) முளைக்கும் இடத்துக்குச் சற்று மேலே. ஆனால் இந்தக் கடைசியை உனக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், வழி ரொம்பக் குறுகல்.

இங்கே கிழவர்கள் ஒன்று சொல்வார்கள்: மேலே அடித்தால் விழும், கீழே அடித்தால் போகும். மானுக்கு இது தலைகீழ் என்பதால்தான் மான்காரர்கள் முதல் வருடம் கோட்டைவிடுகிறார்கள்.

இன்னொன்று. முன்னால் தவறுவதைவிடப் பின்னால் தவறுவது மேல். பின்னால் போனால் தொடை எலும்பு, இடுப்பு. வான்கோழி பறக்கவும் காலால்தான் எம்பவேண்டும். கால் போனால் ஓட்டமும் இல்லை, பறத்தலும் இல்லை.

நாணேற்றி (லா க்ராஸ், விஸ்கான்சின்)

மாமா சொன்ன இடங்களில் எனக்குச் சண்டை இல்லை. முனையில் மட்டும் கட்சி வேறு.

கரிசல், உங்கள் கையில் இருக்கும் மூன்று பிளேடே தாராளமாகப் போதும். கணக்குப் போடுவோம். அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வரும். உங்களுக்குச் சுமார் 58. நான் கப்பி இல்லாத 45 பவுண்டு ரிகர்வ் வில் வைத்திருக்கிறேன், 450 கிரெயின் அம்பு 165 அடி வேகத்தில் போகிறது. எனக்கு வருவது 27 மட்டுமே. அதை வைத்துக்கொண்டே இரண்டு பிளேடு ஃபிக்ஸட் முனையால் வான்கோழியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. பறவைக்கு மானின் தோளெலும்பு கிடையாது.

மெக்கானிக்கல் முனை விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். சிறகின் கெட்டி இறகுகள் வழுக்கும். சாய்ந்த கோணத்தில் பட்டால், அதுவும் பிளேடு முன்னாலிருந்து பின்னால் புரண்டு திறக்கும் வகையாக இருந்தால், அம்பு உதைத்துத் திரும்ப வாய்ப்பு உண்டு. அசையும் உறுப்பு இல்லாத முனையில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

வெட்டு அகலம் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. 1 3/16 அங்குல மூன்று பிளேடு என்றால் ஒவ்வொரு பிளேடும் நடுவிலிருந்து ஏறத்தாழ 0.6 அங்குலம் நீளும். மூன்றையும் கூட்டினால் 1.8 அங்குலக் கீறல். இரண்டு பிளேடு மெக்கானிக்கல் தருவது 2 அங்குலம். வித்தியாசம் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்கு இல்லை.

மிசூரி மாமா

நாணேற்றி தம்பி கணக்கில் கெட்டிக்காரர். கூட்டல் சரிதான். ஆனால் பறவைக்குள் கூட்டல் முக்கியமில்லை, எட்டுவதுதான் முக்கியம். இரண்டு அங்குல முனையின் பிளேடு நுனி நடுவிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வெட்டுகிறது. உங்களுடையது 0.6 அங்குலத்தில் நின்றுவிடும். ஒவ்வொரு பக்கமும் 0.4 அங்குலம் கூடுதல். மானில் அது ஒன்றுமே இல்லை. மூன்று, நான்கு அங்குல இலக்கில் அது உயிருக்கும் தப்பிப்பதற்கும் இடையேயான தூரம்.

58 அடி-பவுண்டு வைத்திருக்கும் பையன் எதற்கு 27 வைத்திருப்பவரின் சிக்கனத்தைப் பின்பற்ற வேண்டும்? அவனுக்கு ஆற்றல் மீதமிருக்கிறது, அதை அகலத்துக்குச் செலவழிக்கட்டும். ரேஜ் கம்பெனி முனை போல பிளேடு பின்னால் சறுக்கித் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்கு கரிசல்.

நாணேற்றி

எட்டுவது என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பிளேடு எட்டுவது ஒரு கோட்டில் மட்டும். அது படுக்கையாக இறங்குமா செங்குத்தாக இறங்குமா என்று நீங்கள் சொல்ல முடியாது, அம்பு சுழன்றுகொண்டே போகிறது. செங்குத்தாக இறங்கி, நீங்கள் ஓர் அங்குலம் முன்னால் தவறியிருந்தால், அந்த அகலம் நெஞ்சுக்கறியை நீளமாகக் கீறியதோடு சரி. மூன்று பிளேடு எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் எட்டும்.

மிசூரி மாமா

அப்படியானால் மூன்று பிளேடு மெக்கானிக்கல். முடிந்தது வழக்கு.

நாணேற்றி

ஹா ஹா. மாமாவிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான்.

ஸ்கார்பரோ வாசி (டொராண்டோ)

சட்டத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. எங்கள் ஒன்டாரியோவில் முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேணும், கூரான விளிம்பு இரண்டாவது இருக்கவேணும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 7/8 அங்குலம் என்று போட்டிருப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். டெக்சாஸில் என்ன மாதிரி?

இங்கே காட்டு வான்கோழி முற்றாக அழிந்துபோய், 1984இல் திரும்பக் கொண்டுவந்து விட்டதுதான் இப்போது பெருகி நிற்கிறது. அதனாலோ என்னவோ, விதிகளில் கண்டிப்பு அதிகம்.

மற்றது, இந்தக் கில்லட்டின் முனையைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிட்டார். என்னுடைய சிநேகிதர் ஒருவர் அதைத் தவிர வேறு பேச்சே பேசமாட்டார்.

கரிசல்காட்டான்

டெக்சாஸில் வான்கோழிக்கு அகன்ற வெட்டுமுனை கட்டாயம் அண்ணே. அணில் தவிர மற்ற வேட்டை விலங்குகளுக்கும் அதே விதி. மொட்டை முனை, புல்லில் சிக்கி நிற்கும் ஜூடோ முனை எல்லாம் அணில், முயல் பக்கம்தான். அம்பில் விஷம், மருந்து, வெடி எதுவும் கூடாது.

கில்லட்டினைப் பற்றி எனக்கும் கேட்கவேண்டும். கடைக்காரர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. பட்டால் அந்த இடத்திலேயே முடிந்தது, படாவிட்டால் முழுசாகத் தப்பியது, அரைகுறைக் காயம் என்ற பேச்சே இல்லை என்றார்.

மிசூரி மாமா

அந்தக் காரணம் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

மேக்னஸ் புல்ஹெட் என்று ஒன்று வருகிறது. 100 கிரெயினில் 2 3/4 அங்குலம், 125 கிரெயினில் 3 3/4 அங்குலம். மூன்று பிளேடுகள் காற்றாடி மாதிரி நிற்கும், மடங்காது. கழுத்தில் சரியாகப் பட்டால் தலை தனியாகப் போய்விடும், பறவை நின்ற இடத்திலேயே விழும். கறியும் ஒரு துளி வீணாகாது. இதெல்லாம் நிஜம்.

இப்போது உன் வில்லுக்கு வா. நாணை முழுக்க இழுக்கும்போது அந்தக் காற்றாடி வில்லின் நடுக்கட்டையில் இடிக்கக் கூடாது, உன் கைவிரலிலும் படக் கூடாது. அதற்கு முனை கட்டையைத் தாண்டி வெளியே நிற்கவேண்டும், அதாவது அம்பு நீளமாக இருக்கவேண்டும். 28 அங்குல இழுவைக்கு உன் அம்புகளைச் சிக்கென்று வெட்டித்தான் வைத்திருப்பாய். ஆகவே தனி அம்புகள் வேண்டும். அவ்வளவு பெரிய முனை காற்றைப் பிடிக்கும், அதை நேராக்கப் பின்னால் நான்கு அங்குலத்துக்குக் குறையாத இறகு, நல்ல திருகலோடு வேண்டும். மான் அம்பில் இருக்கும் குட்டிப் பிளாஸ்டிக் இறகு இதைத் தாங்காது. சாதாரண அம்புக் கூட்டில் அது அடங்கவும் அடங்காது. 15 கஜத்துக்கு மேல் அதை நம்பி விடமாட்டேன். அப்புறம் அதற்கென்று தனியாகக் குறி ஊசி சரிசெய்து, தனியாகப் பழகவேண்டும்.

அதையெல்லாம் செய்தாலும் வான்கோழித் தலை சும்மா இருக்காது. நடக்கும்போது முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடும். நிற்கும்போதும் கொத்தும், நிமிரும், திரும்பும். அம்பு 15 கஜம் போவதற்குள் தலை இடம் மாறிவிடலாம். அரைகுறைக் காயமே வராது என்பது கடைப் பேச்சு. பிளேடு நுனி அலகிலோ கன்னத்திலோ உரசிவிட்டுப் போனால் அந்தப் பறவை பட்டினியில் சாகும்.

ஒரே ஒரு வகை ஆளுக்கு அதை நான் சொல்வேன். பத்துக் கஜத்துக்குள் டிகாய் (போலி வான்கோழி) வைத்து, கூடாரத்துக்குள் பொறுமையாகக் காத்திருந்து, தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும் ஒரு கணத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற ஆள். நீ முதல் வருடம். வேண்டாம்.

கரிசல்காட்டான்

இப்போதுதான் அளந்தேன். அம்பு 27 1/2 அங்குலம். முழு இழுவையில் முனை ஏறக்குறைய கட்டைக்கு நேராக வந்து நிற்கிறது. கில்லட்டின் கதை முடிந்தது.

வெறும்வாசகன்

ஒரு பறவையை எந்தப் பிளேடால் வெட்டினால் சீக்கிரம் சாகும் என்று இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கடையில் வான்கோழி கிடைக்கவில்லையா? ஊரில் இப்படிச் செய்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போட்டிருப்பார்கள்.

வேங்கைமகள் (கெர்னி, நெப்ராஸ்கா)

வெறும்வாசகன் சார், ஊரில் செய்யக் கூடாதுதான். அங்கே நிலைமை வேறு, சட்டம் வேறு, அது நியாயமும்கூட. இங்கே கதை வேறு மாதிரி நடந்தது. 1930களில் பல மாநிலங்களில் வான்கோழியே இல்லாமல் போயிருந்தது. 1937இல் வந்த சட்டம் ஒன்று வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மேல் இருந்த வரிப் பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கியது. எழுபதுகளில் வில், அம்புச் சாமான்களும் அதில் சேர்ந்தன. கரிசல் வாங்கப்போகும் முனையிலும் 11 சதவீதம் அந்த வரி இருக்கிறது. காட்டில் வலைபோட்டுப் பிடித்து வேறு மாநிலங்களில் கொண்டுபோய் விட்டதெல்லாம் அந்தப் பணத்திலும் வேட்டை உரிமக் காசிலும்தான் பெரும்பாலும் நடந்தது.

கடைக் கோழி எப்படி வாழ்ந்து எப்படிச் செத்தது என்று கேட்காமல் வாங்குகிறோம். இங்கே சீக்கிரம் சாகவேண்டும் என்று பத்துப் பேர் மண்டையை உடைக்கிறோம். உங்களுக்குச் சங்கடம் என்றால் அது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பேச்சு நடக்காமல் வேட்டைக்குப் போகிறவனைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

மட்டுறுத்துநர்

வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பொதுப் பகுதியில் தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள். இங்கே அம்பு முனை.

வேங்கைமகள்

சரி, முனைக்கு வருகிறேன். என் வில் 40 பவுண்டுதான், இழுவையும் 26 அங்குலம். என்னைப் போன்ற பெண்கள், பதின்வயதுப் பிள்ளைகள் இதைப் படித்தால்: இரண்டு அங்குல மெக்கானிக்கலை விட்டுவிடுங்கள். தொட்டதும் வெட்டத் தொடங்கும் கூர்நுனி ஃபிக்ஸட் முனைதான் நமக்கு. நுனியே பிளேடாக இருக்கவேண்டும், உளி மாதிரி முக்கோண நுனி வேண்டாம். அது துளைப்பதற்கே ஆற்றலைக் கேட்கும்.

யாரும் சொல்லாத ஒன்று கூடார வலை. கரிசல், உங்கள் கூடார ஜன்னலில் அம்பு ஊடுருவிப் போகும் வலை இருக்கிறதா? அதன் வழியாக விடுவதாக இருந்தால் மெக்கானிக்கல் கூடவே கூடாது. வலையில் பட்டதும் பிளேடு விரியும், அம்பு எங்கேயோ போகும். ஃபிக்ஸட் முனை வலையைக் கிழித்துக்கொண்டு போய்விடும், அதற்கும் ஒருமுறை வீட்டுப் பின்கட்டில் விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மெக்கானிக்கல்தான் வேண்டுமென்றால் அந்த ஒரு ஜன்னலில் வலையைக் கழற்றிவிடுங்கள். மற்ற ஜன்னல்களை முழுசாக மூடி, உள்ளே கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்தால் பறவைக்கு உள்ளே இருட்டுதான் தெரியும்.

டிகாய் வைப்பதும் முனைத் தேர்வில் சேர்ந்ததுதான் என்பேன். ஜேக் (இளம் சேவல்) டிகாயைக் கூடாரத்தைப் பார்த்தபடி வையுங்கள், 10 அல்லது 12 கஜத்தில். பெரிய டாம் (முதிர்ந்த சேவல்) சண்டைக்கு வந்தால் இளசின் முகத்துக்கு நேராகத்தான் போய் நிற்கும். அப்படி நிற்கும்போது அதன் முதுகும் தோகையும் உங்கள் பக்கம். தோகை அதன் கண்ணையே மறைக்கும். நாணை இழுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் முனை வாங்கும்போது மனதில் வைப்பது இந்தப் பின்பக்க அடியைத்தான். முதுகெலும்பு, இடுப்பு, இரண்டு தொடை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். எலும்பை உடைக்கும் கெட்டியான முனை அங்கே வேலை செய்யும்.

கரிசல்காட்டான்

வலை விஷயத்துக்கு ரொம்ப நன்றி அக்கா. கூடாரத்தில் வலை இருக்கிறது, அது கொசுவுக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மாமா, நாணேற்றி அண்ணே, இன்னொரு சந்தேகம். அம்பு முழுசாக ஊடுருவிப் போவது நல்லதா, உள்ளேயே தங்குவது நல்லதா? தேடிப் பார்த்ததில் சரிக்குச் சரி அடித்துக்கொள்கிறார்கள்.

மிசூரி மாமா

தங்கவேண்டும். மானில் இரண்டு ஓட்டை, ரத்தத் தடம், தடத்தைப் பிடித்துப் போய் எடுக்கிறோம். வான்கோழியில் அந்தக் கணக்கு செல்லாது. இறகு அடுக்கு ரத்தத்தைப் பஞ்சாக உறிஞ்சிவிடும், தரையில் சொட்டு விழுவதே அபூர்வம். ஊடுருவிப் போன அம்பால் பறவைக்கு எந்தத் தடையும் இல்லை, பத்து வினாடி உயிர் இருந்தால் போதும், நூறு கஜம் பறந்து ஓடைக்கு அந்தப் பக்கம் விழும். அம்பு குறுக்கே தங்கினால் சிறகை அடிக்க முடியாது, புதருக்குள் நுழைய முடியாது.

இதற்காகவே நுனியைக் கொஞ்சம் மொட்டையாக்கி ஒரு மெக்கானிக்கல் இருக்கிறது, என்ஏபி நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் காப்ளர் கெட்டர். துளைக்கும் வேகம் குறைந்து அதிர்ச்சி பறவைக்குள் இறங்கட்டும் என்பது யோசனை. பழைய ஆட்கள் முனைக்குப் பின்னால் ஒரு வாஷரைக் கோத்து இதே வேலையைச் செய்வார்கள்.

நாணேற்றி

இந்த இடத்தில் நான் மாமாவை விடுவதாக இல்லை.

அம்பு தங்கவேண்டும் என்று வேண்டுமென்றே துளைப்பைக் குறைப்பது, எல்லா அடியும் சரியான கோணத்தில் படும் என்ற நம்பிக்கையில் செய்வது. சாய்ந்து நிற்கும் பறவையின் சிறகெலும்பில் பட்டால்? அந்த எலும்பு லேசுப்பட்டதில்லை. மொட்டை நுனி அங்கேயே நின்றுவிடும். சிறகில் தொங்கும் அம்போடு பறவை ஓடிவிடும், நுரையீரலை எதுவும் தொட்டிருக்காது. ஊடுருவிப் போன முனை குறைந்தபட்சம் வழியில் இருந்த எல்லாவற்றையும் வெட்டியிருக்கும்.

வில்லின் வலுவைப் பொறுத்தது இது. என் 27க்கு மொட்டை நுனி தற்கொலை. 70 பவுண்டு வில்காரர் மொட்டை நுனி போட்டாலும் அம்பு பாதிக்கு மேல் போய்விடும், அவருக்கு அது பொருந்தும். கரிசல் இரண்டுக்கும் நடுவில். அவருக்கு நான் கூர்நுனிதான் சொல்வேன். தங்கினால் தங்கட்டும், போனால் போகட்டும்.

மிசூரி மாமா

கரிசலுக்குக் கூர்நுனி என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாஷரை வாபஸ் வாங்கமாட்டேன்.

வேங்கைமகள்

இரண்டு பேர் சொல்வதிலும் ஒன்று பொது. ரத்தத் தடத்தை நம்பாதே. அப்படியென்றால் பறவை கண் முன்னாலேயே விழவேண்டும். அதற்கு எலும்பு உடையவேண்டும், இல்லை நுரையீரல் முழுக்கப் போகவேண்டும். விழாமல் போனால் எந்தத் திசையில் போனது, கடைசியாக எந்த மரத்தருகே தெரிந்தது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். உடனே துரத்தாதீர்கள். அரை மணி, அடி பின்னால் பட்ட சந்தேகம் இருந்தால் இன்னும் அதிகம். அடிபட்ட வான்கோழி விழுந்த மரத்தடியிலோ முட்புதரிலோ நுழைந்து அசையாமல் படுக்கும். கிளப்பிவிட்டால் இரண்டாம் முறை கிடைப்பது கஷ்டம். கண் முன்னால் விழுந்தால் மட்டும் ஓடிப் போய்ப் பிடியுங்கள், காலின் முள்ளுக்கு ஜாக்கிரதை.

ரேலி ராசா (வட கரோலினா)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதால்தான் நம் ஆட்கள் பலர் வில்லுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வில்லுக்கும் அப்படி ஏதாவது தடை உண்டா?

மிசூரி மாமா

கூட்டாட்சிச் சட்டப்படி எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு. வில் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லை. உன் மாநிலத்து உரிமம், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டும் மட்டும் சரியாக இருக்கட்டும். குடியேற்ற விவகாரம் எதுவானாலும் உன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு, மாமா பேச்சை நம்பி மட்டும் கிளம்பாதே.

கரிசல்காட்டான்

டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். வான்கோழிக்கு உரிமத்தோடு மேட்டுநிலப் பறவைகளுக்கான ஒப்புதல் ஒன்றும் தனியாக வாங்கவேண்டும், 7 டாலர்.

முனை முடிவுக்கு வந்துவிட்டேன். பின்னால் சறுக்கித் திறக்கும் இரண்டு அங்குல மெக்கானிக்கல், 100 கிரெயின், ஒரு பாக்கெட். முன் ஜன்னல் வலையைக் கழற்றிவிடுகிறேன். டிகாய் 12 கஜத்தில், 20 கஜத்துக்கு மேல் நாணைத் தொடுவதில்லை. கூட்டில் இரண்டாவது அம்பு பழைய மூன்று பிளேடு. நாணேற்றி அண்ணன் கோபிக்கவேண்டாம்.

நாணேற்றி

கோபம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வகை முனையைக் கலந்து வைத்திருப்பதால் ஒரு வேலை கூடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று பார்த்தே ஆகவேண்டும். 100 கிரெயின் பயிற்சி முனையில் மூன்று அம்பு, மூன்று பிளேடில் மூன்று அம்பு, 20 கஜத்தில் விடுங்கள். மூன்று பிளேடு தனியாக ஒரு பக்கம் ஒதுங்கினால் வில் ட்யூன் சரியில்லை, அம்பு நேராகக் கிளம்பவில்லை. அம்பு தாங்கியை இம்மி இம்மியாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். மெக்கானிக்கல் இந்தக் கோளாறை மூடி மறைக்கும், அதனாலேயே நிறையப் பேருக்கு அதன்மேல் பாசம்.

பழைய முனைகள் மானுக்குப் போய் வந்தவை என்றால் பிளேடை மாற்றுங்கள். கூட்டில் உரசியே கூர் மழுங்கியிருக்கும். ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அதன்மேல் பிளேடை லேசாக வைத்தால் சட்டென்று அறுபடவேண்டும். அமுக்கினால்தான் அறுபடும் என்றால் வான்கோழி இறகுக்கு அது உதவாது.

வேங்கைமகள்

மெக்கானிக்கல் பிளேடைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் காலரோ ரப்பர் வளையமோ, எதுவாக இருந்தாலும் ஒருமுறை திறந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டில் விளையாட்டுக்குத் திறந்து பார்த்துவிட்டு அதையே காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாக்கெட்டிலேயே உபரி இருக்கும். பாக்கெட்டோடு பயிற்சி முனை வந்தால் அதையும் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.

உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. டாமின் தலையில் இருப்பது அந்த மூன்று நிறமும்தான். தனியார் பண்ணையானாலும் வேலிக்கு அப்பால் துப்பாக்கிக்காரர் இருக்கலாம். கைக்குட்டையையும் பாருங்கள்.

ஸ்கார்பரோ வாசி

எங்களுக்கு ஏப்ரல் 25இல்தான் தொடங்குது. நான் மூன்று பிளேடு ஃபிக்ஸட்தான், 22 மில்லிமீட்டரை ஸ்கேல் வைத்து அளந்தாச்சு. கரிசல் தம்பி, உங்களுக்கு முதலில் திறக்குது, என்ன நடந்தது என்று வந்து எழுதுங்கோ. முனை எந்தப் பக்கத்தால் நுழைந்தது, பிளேடு முழுசாக விரிந்ததா, அம்பு தங்கினதா என்று படத்தோடு போட்டால் மாமாவின் வாஷர் வழக்கையும் தீர்த்துவிடலாம்.

மிசூரி மாமா

ஒரு பறவையை வைத்து என் வாஷரைத் தீர்க்க முடியாது. ஆனால் படம் போடு. காலை எறிந்துவிடாதே கரிசல், தொடைக்கறி கடிபடாது என்று இங்கே நிறையப் பேர் நெஞ்சை மட்டும் அறுத்துக்கொண்டு வருகிறார்கள். குக்கரில் நிறைய விசில் விட்டு, மிளகு தூக்கலாக ஒரு சுக்கா போட்டுப் பார்.